பெயரேடு இல்லாத தலைமுறை: சயாமுக்குப் போனவர்களும் வரலாறும்

2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆந் திகதி இங்கிலாந்தில் புளோரன்ஸ் கிறீன் என்னும் மூதாட்டி தமது 110 ஆவது வயதிற் காலமானார். 1918 ஆம் ஆண்டில் விமானப்படையின் மகளிர் பிரிவிற் சேர்ந்து, அதிகாரிகளின் உணவுக்கூடத்திற் பணிபுரிந்தவர் அவர். முதலாம் உலகப் போரிற் பணியாற்றியவர்களுள் உலகெங்கும் எஞ்சியிருந்தவராக அறியப்பட்ட கடைசி மனிதர் அவரே. அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2008 மார்ச்சில், பிரான்சின் கடைசிப் போர்வீரரான லசார் பொன்ரிசெல்லி இறந்தார். தமக்கென அரச மரியாதை வேண்டாமென்று நெடுங்காலம் மறுத்துவந்த அவர், போரில் இறந்த அனைவரையும் நினைவுகூரும் எளிய நிகழ்வாக அமையுமாயின் ஏற்பதாக இறுதிக் காலத்தில் இணங்கினார். பிரெஞ்சுக் குடியரசு முழுவதும் அவருக்காகத் துக்கம் அனுட்டித்தது. அதே ஆண்டு சனவரி முதலாந் திகதி ஜேர்மனியில் எரிக் கெஸ்ட்னர் என்னும் முதியவர் இறந்தார். (குழந்தை இலக்கியம் படைத்த அதே பெயருடைய எழுத்தாளர் இவரல்லர்.) ஜேர்மன் தரப்பிற் போரிட்டோருள் இவரே இறுதியானவர் என்பதைப் பல நாட்கள் கழிந்த பின்னரே பத்திரிகைகள் கண்டுகொண்டன. தோற்ற நாடு தன் பழைய வீரர்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கவில்லை.

ஒரு தலைமுறை வாழும் நினைவிலிருந்து வரலாற்றுக்குட் புகும் நாளை ஆண்டும் மாதமும் திகதியுமாகக் குறித்துக்கொள்ள முடிவது இயற்கையான செயலன்று என்பதை இம்மூன்று மரணங்களும் காட்டும். பெயரேடு இருந்தாலன்றிக் கடைசிப் பெயர் எதுவெனக் கூற இயலாது. பெயரேட்டைப் பேணுவதற்கு ஒரு நிறுவனம் வேண்டும்; நிறுவனத்துக்கு ஒரு விருப்பம் வேண்டும்.

கூட்டு நினைவு பற்றி முதன்முதலில் விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொறிஸ் ஹல்ப்வக்ஸ், சமூகத்தின் உயிருள்ள நினைவு மங்குமிடத்திலேயே வரலாறு தொடங்குகின்றது என்னும் கருத்துடையவர். நினைவு எப்போதும் ஒரு குழுவைச் சார்ந்து நிற்கும். அக்குழு சிதையும்போது நினைவும் சிதையும் என்பது அவரது ஆய்வின் அடிப்படை. அவர் 1945 மார்ச்சில் புக்கன்வால்ட் தடுப்புமுகாமில் இறந்தார். அவருடைய காலத்து வரலாற்றாசிரியரான மார்க் புளொக் அதற்கு முந்திய ஆண்டில் ஜேர்மனியராற் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்வருவோர் அறியவேண்டுமென்று கருதியே விட்டுச்செல்லப்படுஞ் சான்றுகள் ஒருவகை, அவ்வாறு கருதாமலே தாமாக எஞ்சிவிடுஞ் சான்றுகள் மற்றொருவகை என்று புளொக் செய்த பாகுபாடு, வரலாற்று மாணவர் யாவரும் அறிந்ததே. போர்த் தலைமுறையொன்று மறையும்போது இப்பாகுபாடு வெறும் முறையியற் செய்தியாக நில்லாது, யார் வரலாற்றிற் பெயரோடு நிற்பர், யார் எண்ணிக்கையாக நிற்பர் என்பதைத் தீர்மானிக்கும் ஒன்றாகிவிடுகின்றது.

இரண்டாம் உலகப் போர்த் தலைமுறையும் இப்போது அதே எல்லையை அடைந்துவிட்டது. 1942 இல் இருபது வயதினராயிருந்த ஒருவர் 2022 இல் நூறு வயதை எட்டியிருப்பார். இத்தலைமுறையில் தமிழருக்குரிய ஒரு பெரும் பகுதி உண்டு. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மாப் புகையிரதப் பாதை அமைப்பதற்காகக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரே அவர்கள். மலாயாத் தோட்டப்புறங்களில் இவர்களைக் குறிக்கப் பெருந்தொடர்கள் எவையும் வேண்டியிருக்கவில்லை. 'சயாமுக்குப் போனவர்' என்றாற் போதும். அவர்களுட் கடைசியாக இறந்தவர் யார், எந்த நாளில் இறந்தார் என்பதைக் குறிக்கும் பதிவு எங்குமில்லை.

நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறலாம். 1941 டிசம்பர் 8 ஆந் திகதி கோத்தபாருவில் இறங்கிய யப்பானியப் படை, பத்து வாரங்களுட் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது மிட்வே சமரின் பின் ஆபத்தானதாகியதால், சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்புயுசயாற் வரை 415 கிலோமீற்றர் நீளமான பாதையொன்றை மலைக்காடுகளினூடாக அமைக்க யப்பான் முற்பட்டது. 1942 இன் நடுப்பகுதியில் ஆயத்தங்கள் தொடங்கின. 1943 ஒக்டோபர் 17 ஆந் திகதி இருபுறத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுட் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை பற்றிய மதிப்பீடுகள் 180,000 இலிருந்து மேலெழுகின்றன. இறந்தோர் தொகை ஏறத்தாழ 90,000 என்பது பெரிதும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. பர்மியர், சாவகர், மலாயர், சீனர் எனப் பலரும் இவர்களுள் அடங்குவர். மலாயாவிலிருந்து சென்ற எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரிற் பெரும்பான்மையினர் தமிழராவர். கைதிகளின் தொகையை ஆயிரத்துக்குள் அறிய முடிகின்றபோது, தொழிலாளரின் தொகையைப் பதினாயிரத்துக்குள்ளும் அறிய முடியவில்லை என்பதே இங்கு மனங்கொள்ள வேண்டியது.

அவர்கள் போன விதமும் நோக்கத்தக்கது. யப்பானியர் காலத்தில் றப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லாதொழிந்தது. அரிசி அரிதாகி மரவள்ளியே உணவாயிற்று. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத ஒப்பந்தம், உணவு இலவசம் என்ற அறிவிப்பை நம்பி முதலிற் சிலர் தாமாகவே சென்றனர். சிலர் குடும்பத்தோடு சென்றனர். போனவர் திரும்பாமையும், அங்குள்ள நிலை பற்றிய செய்தி மெல்லக் கசிந்தமையும் மற்றையோரைத் தடுத்தபோது வலிந்து பிடிக்கும் முறை வந்தது. இலவசப் படக்காட்சி என்று மக்களை அழைத்து, கொட்டகைக் கதவுகளை மூடி, உள்ளே இருந்தோரை லொறிகளில் ஏற்றிச் சென்றமை பல வாய்மொழிகளிற் கூறப்படும் செய்தி. தோட்டந்தோறும் இத்தனை பேர் என்ற ஒதுக்கீடும் விதிக்கப்பட்டது.

இவ்வொதுக்கீட்டை நிறைவேற்றியோர் யார் என்ற வினா யாழ்ப்பாணத்தவருக்கு அத்துணை இன்பமானதன்று. வெள்ளைக்காரத் துரைமார் தடுப்புமுகாம்களில் அடைபட்ட பின்னர் தோட்டங்களின் நடைமுறைப் பொறுப்பு கிராணிமார் கையிற் சேர்ந்தது. கிராணிமாரிற் பலர் மலையாளிகளும் இலங்கைத் தமிழரும் ஆவர். யப்பானிய அதிகாரியின் கட்டளைக்கு மறுப்புக் கூறுவது அக்காலத்தில் உயிரோடு விளையாடும் செயலே. ஆயினும் பெயர்ப்பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற தெரிவு ஒரு மேசையின் முன்னிருந்தே செய்யப்பட்டது. அத்தெரிவுக்கு உள்ளானவர்கள் மேசையின் மறுபுறத்தில் நின்றவர்கள். யாழ்ப்பாணக் கிராமங்களில் 'மலாயாப் பென்சனியர்' என்று அறியப்பட்ட தலைமுறையினர், வாழைமரம் பொறித்த யப்பானியத் தாட்காசு பற்றியும் மரவள்ளிக்கிழங்கு பற்றியும் வீட்டுத் திண்ணைகளிற் சொல்லிய கதைகள் ஏராளம். எழுத்தறிவும் ஓய்வும் உடையோராயிருந்த அவர்களிடமிருந்து சயாம் பற்றி வெளிவந்தது மிகச் சிறிதே. குற்றவுணர்வே காரணம் என்று முடிவு கட்டுவது முறையன்று. தமக்கு நேராத ஒன்றைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஏதும் இல்லாதிருந்திருக்கலாம். ஆயின், நினைவும் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதற்கு இதனிலுந் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பாதை வேலையின் மிகக் கொடிய காலம் 1943 மே மாதத்திலிருந்து ஒக்டோபர் வரையான மழைக்காலமாகும். குறித்த நாளுக்குள் வேலையை முடிக்க வேண்டுமென்று யப்பானியப் பொறியியற் படையினர் விரட்டிய இக்காலத்தைப் போர்க்கைதிகள் 'ஸ்பீடோ' என்று அழைத்தனர். மலாயாவிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர், பான்பொங்கிலிருந்து காட்டு வழியே நடத்திச் செல்லப்பட்டு இம்மழையிலேயே முகாம்களைச் சேர்ந்தனர். அப்போது வாந்திபேதி பரவிற்று. கைதிகளிடையே வைத்தியர் இருந்தனர். கட்டுப்பாடுடைய படையமைப்பு இருந்தது. நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற விதியும், மலக்குழிகள் பற்றிய ஒழுங்கும் கடைப்பிடிக்கப்பட்டன. தொழிலாளர் முகாம்களில் இவற்றுள் எதுவும் இருக்கவில்லை. கூரை முழுமையாக வேயப்படாத கொட்டில்களில் நோயாளியும் மற்றையோரும் அருகருகே கிடந்தனர். இறந்தோரைப் பொதுக் குழிகளிற் புதைத்தனர் அல்லது எரித்தனர். ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே இவர்களுக்கென இரு வைத்தியக் குழுக்கள் சிங்கப்பூரிலிருந்த கைதிகளிலிருந்து தெரிந்தெடுத்து அனுப்பப்பட்டன. அதற்குட் பெருஞ்சாவு நிகழ்ந்துவிட்டது.

இவை எவ்வாறு தெரியவருகின்றன? பெரும்பாலும் கைதிகளின் நாட்குறிப்புகளிலிருந்தே. நாட்குறிப்பு எழுதுவது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தும், மூங்கிற் குழாய்களுள் ஒளித்தும் மண்ணிற் புதைத்தும் பலர் தம் ஏடுகளைக் காத்தனர். மலாயாவில் வைத்தியராயிருந்த றொபேட் ஹாடியின் நாட்குறிப்பு 1983 இலும், அவுஸ்திரேலிய வைத்தியர் எட்வேட் டன்லொப்பின் நாட்குறிப்பு 1986 இலும் நூலுருப் பெற்றன. தம் துயரைப் பதிவுசெய்ய எழுதப்பட்ட இவ்வேடுகளில், பக்கத்து முகாமிற் செத்துக்கொண்டிருந்த தமிழர் இடையிடையே சில வரிகளில் வந்துபோகின்றனர். எழுதியோர் இரக்கத்தோடுதான் எழுதினர். ஆனால் மொழி தெரியாதவரை, தூரத்திலிருந்து, கூட்டமாகவே அவர்களாற் காண முடிந்தது. அவ்வரிகளில் முகம் உண்டு, பெயர் இல்லை.

போர் முடிந்ததும் இவ்வேறுபாடு நிலத்திலேயே பொறிக்கப்பட்டது. 1945 செப்டெம்பரில், யப்பான் சரணடைந்து சில வாரங்களுக்குள், விடுதலை பெற்ற கைதிகளைக் கொண்ட சிறு குழுவொன்று பாதை நெடுகச் சென்று கல்லறைகளைத் தேடிற்று. ஏறத்தாழ மூன்று வாரத்தில் 144 இடுகாடுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளையும் அது கண்டறிந்தது. முகாம்களிற் கரவாகப் பேணப்பட்ட இறப்புப் பதிவுகள் இதற்குத் துணைநின்றன. அவ்வெச்சங்கள் பின்னர் காஞ்சனபுரி, சுங்காய், தன்புயுசயாற் ஆகிய மூன்று இடங்களிலுள்ள போர்க் கல்லறைகளுக்கு மாற்றப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர், ஆளுக்கொரு கல்லும் கல்லுக்கொரு பெயருமாகத் துயில்கின்றனர். தொழிலாளரின் குழிகளைத் தேடி எக்குழுவும் புறப்படவில்லை. 1990 இல் காஞ்சனபுரிக்கு அருகே நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளரின் எச்சங்களே அவை எனக் கருதப்பட்டபோதிலும், அவற்றுள் ஒன்றுக்கேனும் பெயர் சூட்ட வழியிருக்கவில்லை.

பெயரற்றோர் காட்சியிலிருந்தே நீக்கப்பட்டதும் உண்டு. அந்நீக்கம் நிகழ்ந்த இடம் இலங்கை. பியர் பூல் 1952 இல் எழுதிய நாவலைத் தழுவி டேவிட் லீன் இயக்கிய 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் திரைப்படத்துக்காகக் கித்துள்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே பெரும் மரப்பாலமொன்று கட்டப்பட்டு, 1957 இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படம் உலகின் நினைவிற் பாதையின் வரலாறாகவே பதிந்துவிட்டது. அதிலே பாலத்தைக் கட்டுவோர் பிரித்தானியக் கைதிகள். தமிழ்த் தொழிலாளருக்கு அக்கதையில் இடமில்லை. உண்மையான பாலத்தருகே இருந்த முகாமின் மூத்த பிரித்தானிய அதிகாரி பிலிப் தூசியைப் படத்துக் கேணல் இழிவுபடுத்துவதாக முன்னாட் கைதிகள் சினங்கொண்டு மறுப்புரைத்தனர். மறுப்புரைக்க அவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. கித்துள்கலைக்குச் சுற்றுலாச் செல்வோர் இன்றும் பாலத்தின் அடித்தளத் தடங்களைப் பார்த்துத் திரும்புகின்றனர்.

தமிழரிடையேகூட ஒரே போரின் இரு நினைவுகள் இரு வேறு விதி பெற்றமையை ஈண்டு ஒப்புநோக்கலாம். 1943 சூலையில் சுபாஸ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத்து இளைஞரும், ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்த பெண்களும் சீருடை அணிந்து அணிவகுத்த அதே மாதங்களிலேயே காட்டில் வாந்திபேதி உச்சத்திலிருந்தது. இராணுவத்திற் சேர்ந்தோரின் நினைவை இந்திய விடுதலை வரலாறு ஏற்று அணைத்துக்கொண்டது. புகைப்படங்களும் நூல்களும் விழாக்களும் தொடர்ந்தன. சயாமுக்குப் போனவரின் சாவை ஏற்றுக்கொள்ள எந்தத் தேசிய வரலாறும் முன்வரவில்லை. அவர்கள் எதற்காகவும் போரிட்டு இறந்தவரல்லர். பிரித்தானியர் தம் குடிகளெனக் காக்கவில்லை. இந்தியாவுக்கு அவர்கள் புலம்பெயர்ந்தோர். பின்னாளில் தோன்றிய மலேசியாவுக்கோ அவர்கள் தோட்டக்காட்டுச் சிறுபான்மையினர். வீரம் இல்லாத சாவுக்கு நினைவிடம் அமைப்பது அரசுகளுக்குக் கடினமான செயல்.

எனவே நினைவு குடும்பங்களிலேயே தங்கியது. திரும்பிவந்தோர் சொன்னவையும், திரும்பாதோரின் மனைவியர் காத்திருந்தவையும் தோட்ட லயங்களில் அடுத்த தலைமுறையின் காதில் விழுந்தன. 'ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்' என்னும் கூற்று அவ்வாறு வழங்கிவந்த ஒன்று. வரலாற்றாசிரியன் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவன். மீற்றருக்கு ஒரு கட்டை என்று குறைத்து எண்ணினாலும் 415,000 கட்டைகள் வேண்டும். இறந்தோரின் எந்த மதிப்பீடும் அத்தொகையை அணுகாது. கூற்று எண்ணளவிற் பொய். எனினும் அதனை ஒதுக்கிவிடுதல் பேதைமையாகும். தண்டவாளத்தின் கீழ்க் கிடக்கும் கட்டையைத் தூக்கிச் சுமந்த தோளுக்கே அளவையாகக் கட்டை தோன்றும். தம் சாவை எண்ணுவாரில்லாத மக்கள் தாமே கண்டுகொண்ட எண்ணல் முறை அது. வாய்மொழி எதனைச் சான்றாகத் தருகின்றது, எதனைத் தரவில்லை என்பதைப் பிரித்தறிவதற்கு இக்கூற்று நல்லதொரு பாடம்.

கேட்பதற்குக் காலம் இருந்தது. இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகம் 1972 இல் ஒலிப்பதிவுக் காப்பகத்தைத் தொடங்கிற்று. சிங்கப்பூர் 1979 இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவை அமைத்து, 1981 இல் யப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய பதிவுகளை மேற்கொண்டது. அப்போது சயாமிலிருந்து மீண்டோர் பலர் அறுபது வயதையொட்டியவராய், பேசும் நிலையில் இருந்தனர். தமிழ்ப் பல்கலைக்கழகத் துறைகள் அக்காலத்தில் நாட்டார் பாடல்களைத் தேடித் தோட்டங்களுக்குச் சென்றதுண்டு. தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்தோர், அவற்றைப் பாடியவரின் கணவர் எங்கே என்று கேட்டிருப்பின் வேறொரு தொகுதி கிடைத்திருக்கும். மலாயாவின் தொழிலாளர் திரட்டலைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர்களுள் ஒருவர் நக்கஹாரா மிச்சிக்கோ என்னும் யப்பானிய வரலாற்றாசிரியர். போல் கிரட்டொஸ்கா பதிப்பித்த ஆய்வுத் தொகுதி 2005 இல் வெளிவந்தது. தமிழில் இப்பணியைத் தலைமேற் கொண்டோர் புனைகதையாசிரியரே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள், ஆய்வாளர் செய்யத் தவறியதைத் தம்மாலியன்றவரை ஈடுசெய்தன. நாவலை ஆவணமாகக் கொள்ளலாகாது என்பது உண்மை; ஆவணம் இல்லாதவிடத்து நாவலாசிரியர் கேட்டெழுதிய வாய்மொழியே மிச்சமாய் நிற்கின்றது என்பதும் உண்மை.

தமிழுக்கு அங்கே கல்வெட்டு இல்லாமலும் இல்லை. 1944 இல் யப்பானியப் படையினரே இறந்தோருக்காக ஆற்றுப் பாலத்துக்கருகில் நினைவுத்தூண் ஒன்றை எழுப்பினர். அதிலே பிறமொழிகளோடு தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டது. கொன்றவர் வைத்த கல்லே நெடுங்காலம் அங்கு தமிழைத் தாங்கி நின்றது. 2023 இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளருக்காக நடுகல்லொன்று நாட்டப்பட்டது. பண்டைத் தமிழரின் நடுகல் வீழ்ந்தவனின் பெயரைத் தாங்கி நிற்பது. இந்நடுகல்லோ இறந்தோர் யாவர்க்கும் பொதுவாக நிற்கவேண்டிய ஒன்று.

இனி எஞ்சுவது, புளொக் கூறிய இரண்டாவது வகைச் சான்றுகளே. 1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், சிங்கப்பூர் உட்பட மலாயாவிலிருந்த இந்தியர் ஏறத்தாழ 620,000 பேர். 1947 இல் ஏறத்தாழ 600,000 பேர். முப்பதுகளிற் பொருளாதார மந்தத்தால் ஊர் திரும்பியோரும், பின்னர் புதிதாக வந்தோரும், போரின் பசியில் மாண்டோரும் இவ்வெண்களுட் கலந்திருப்பதால் சயாமின் பங்கை இவற்றிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க இயலாது. அதனினும் நுண்ணிய சான்று தோட்டச் செக்ரோல். விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்று கூலிக் கணக்குக்காகக் கிராணியார் குறித்த ஏடு அது. ஒரே தோட்டத்தின் 1941 ஆம் ஆண்டு ஏடும் 1946 ஆம் ஆண்டு ஏடும் எங்கேனும் தப்பியிருக்குமாயின், அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னதில் இருந்து பின்னதில் இல்லாத ஒரு முனியாண்டி வேறு தோட்டத்துக்குப் போயிருக்கலாம், இந்தியாவுக்குத் திரும்பியிருக்கலாம், அவ்வேட்டிலேயே வேறு மூன்று முனியாண்டிகளும் இருக்கலாம். பெயருக்கெதிரே உள்ள கட்டங்கள் ஒரு மாதத்தின் இடையிலிருந்து வெறுமையாய்க் கிடக்கும். அதே நாளிலிருந்து வெறுமையாகும் பிற பெயர்களை ஏட்டின் மேலுங் கீழுமாகத் தேட வேண்டியிருக்கும்.